யந்திரத்திற்குத் தோஷம் உண்டா?

(மறைமலைநகரில் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் கூடிய கூட்டமொன்றில் பேசியது)



நம்முடைய கூட்டமென்றால் புராணத்தைப்பற்றியோ சடங்கைப்பற்றியோ பேச்சிருக்கும் என்று எதிர்பார்த்து உங்களில் பலர் வந்திருப்பீர்கள். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதான ஒரு சில்லைப்பற்றியேயாகும். "இதென்ன, நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி" என்று யாரும் எழுந்துபோய்விட வேண்டாம். அந்தச் சில்லின் கதைக்குள்ளே ஒரு ஏழை அம்மாளுடைய கூலியும் மானமும் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒன்று சொல்லிக்கொள்ளுகிறோம். நாம் காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவர்களல்ல. மெக்கானிக்குகளைக் கேட்டும், கையில் கிடைத்த புஸ்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறோம். இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் இந்த வேலையே செய்கிற இளைஞர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் தப்பாகச் சொன்னால் அவர்கள் தாராளமாய் எழுந்து மறுக்கலாம். இந்த ஊரோ மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர் அவர். அப்படியிருக்க, இங்கே நின்றுகொண்டு இங்கிலீஷ் வார்த்தை பேசலாமா என்று சிலர் கேட்கலாம். சில்லு என்பது நல்ல தமிழ், அதைச் சொல்லிவிடுகிறோம். சுவிட்ச் என்பதற்கு மாத்திரம், தொழிலாளர் வாயில் வழங்குகிற வார்த்தையையே வைத்துக்கொள்ள உத்தரவு கேட்கிறோம்.

நிற்க, நடந்த சங்கதி என்னவென்றால்: இந்த வட்டாரத்தில் கார்களுக்கு உதிரிச் சாமான் செய்கிற ஒரு சிறு தொழிற்சாலை இருக்கிறது. பெயர் வேண்டியதில்லை. சுமார் 40 பேர் வேலை செய்கிறார்கள். அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டர், எடை போடும் யந்திரம், சீட்டு அச்சடிக்கும் யந்திரம், வருகைப் பதிவு யந்திரம் எல்லாவற்றிலிருந்தும் வயர் இழுத்து, மூலையில் ஒரு பெட்டியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு 24 வாய். ஆயுத பூஜையன்று சாயந்திரம் யந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். லீவு முடிந்து மறுபடி வந்து பார்த்தால், ஒரு யந்திரமும் இன்னொரு யந்திரத்தோடு பேசவில்லை. சாமானுக்குச் சீட்டு அச்சாகவில்லை. வாசலில் லாரி நின்றுகொண்டிருக்கிறது. மூலையிலிருந்த பெட்டியின் பச்சை விளக்குகளோ 24ம் ஒரே சமயத்தில் படபடவென்று வெறிபிடித்ததுபோல் அடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த ஒருவர், "பெட்டிக்குள் ஏதோ இறங்கியிருக்கிறது" என்றார்.

ஏதோ இறங்கியிருக்கிறது என்றால், யாராவது இறக்கியிருக்க வேண்டுமல்லவா? பூஜையன்று அந்த அறையைப் பெருக்கித் துடைத்தவர் புருஷனை இழந்த ஒரு அம்மாள். "தாலியறுத்தவள் பூஜைக்கு முன் பெட்டியைத் தொட்டுவிட்டாள், தோஷம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த அம்மாளை இனி வரவேண்டாமென்று அனுப்பியதுமல்லாமல், அதுவரை வேலை செய்த 4 நாள் கூலியையும் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு புரோகிதரை அழைத்துச் சாந்தி செய்தார்கள். சாந்தி முடிந்து பெட்டிக்குக் கரண்டை நிறுத்திப் போட்டதும் அரை நிமிஷம் எல்லாம் ஓடியது. கைதட்டினார்கள். மறுபடி நின்றுவிட்டது. "சாந்தி போதவில்லை, இன்னொன்று செய்யவேண்டும்" என்றார்களே தவிர, அரை நிமிஷம் ஓடியது ஏன், நின்றது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படி 3 நாள் போயிற்று.

தோழர்களே! அந்தப் பெட்டி இன்னதென்று தெரிந்துகொண்டால்தான் மேலே சொல்லுவது விளங்கும். அதற்குப் பெயர் ஈதர்நெட் சுவிட்ச் என்பது. விளக்குப் போடுகிற சுவிட்ச் என்று நினைத்துவிடாதீர்கள். நம் செங்கற்பட்டு ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வருகிற ரயிலை விழுப்புரம் பாதையில் விடுவதா, காஞ்சீபுரம் பாதையில் விடுவதா என்று அங்கே பிரித்து அனுப்புகிறார்களல்லவா? அதுபோல ஒரு யந்திரத்திலிருந்து வருகிற சேதியை எந்த யந்திரத்துக்குப் போகவேண்டுமோ அந்த வாய்க்கு மாத்திரம் பிரித்து அனுப்புவதே இதன் வேலை. ஜங்ஷனில் ஒரு நாளைக்குச் சில நூறு வண்டி போகலாம். இந்தச் சில்லோ ஒரு வாயில் மாத்திரம் செகண்டுக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் சிறு சேதிகளைத் தாங்கவல்லது. 24 வாய்க்கும் கணக்குப் போட்டால் மூன்றரைக் கோடிக்கு மேலாகிறது.

இந்த ஏற்பாட்டின் பெயரிலேயே ஒரு படிப்பினை இருக்கிறது. முன் காலத்து விஞ்ஞானிகள், வெளிச்சம் பரவுவதற்கு ஆகாயமெங்கும் "ஈதர்" என்றொரு கண்ணுக்குத் தெரியாத வஸ்து நிறைந்திருக்கிறதென்று நம்பினார்கள். நம்பியவர்கள் முட்டாள்களல்ல, மகா மேதாவிகள். ஆனாலும் 1887ம் வருஷம் அமெரிக்காவில் மைக்கேல்சன், மார்லி என்ற இருவர் அதைக் கண்டுபிடிக்க ஒரு நுட்பமான பரீட்சை செய்து பார்த்தார்கள். அப்படியொன்று இருப்பதாகத் தெரியவில்லை. 1905ல் ஐன்ஸ்டைன், அந்த வஸ்து வேண்டியதேயில்லை என்று காட்டிவிட்டார். விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? பெரியவர்கள் சொன்னதாயிற்றே என்று அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை, தள்ளிவிட்டார்கள். அந்தச் செத்துப்போன ஈதரின் பெயரைத்தான் 1973ல் மெட்காப் என்பவர், அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி சாலையில் தாம் உண்டாக்கிய வயர் ஏற்பாட்டுக்குச் சூட்டினார்.

அந்த முதல் ஏற்பாட்டில் எல்லா யந்திரமும் ஒரே வயரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கு கடலிலுள்ள கப்பலுக்கெல்லாம் ஒரே வெளிச்சத்தைக் காட்டுவதுபோல. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டும் கெடும், மறுபடி பேசவேண்டும். இந்தச் சங்கடம் போக, 1990ல் 7 வாயுள்ள ஒரு சுவிட்ச் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பல வாய்களுள்ள ஈதர்நெட் சுவிட்சுகளில் அதுவே முதலாவது. அதைச் செய்த கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? "கல்பனா". அதை ஆரம்பித்த இருவரில் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வமிசத்தவர்; தம் மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். 1994ல் அதை சிஸ்கோ கம்பெனி வாங்கிக்கொண்டது.

இனி, அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சில்லு எப்படி வேலை செய்கிறதென்று பாருங்கள். நம் சுயமரியாதைக்காரர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

ஒவ்வொரு யந்திரத்துக்கும் அது செய்யப்படும்போதே 48 புள்ளியுள்ள ஒரு விலாசம் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் பூஜ்யம் அல்லது ஒன்று. இப்படி 281 லட்சம் கோடிக்குமேல் விலாசம் எழுதலாம். அதில் முதல் பாதி எந்தக் கம்பெனியில் பிறந்ததென்பதைக் காட்டும். ஆனால் சில்லு அந்தப் பிறப்பைப் பார்த்து, "நீ பெரிய கம்பெனியில் பிறந்தவன், முன்னே போ; நீ சின்னக் கம்பெனி, ஒதுங்கி நில்" என்று சொல்லுவதில்லை. எந்த வாய்க்கு அனுப்பவேண்டுமென்று தெரிந்துகொள்ளத்தான் விலாசம்.

அந்த விலாசம் எந்த வாயில் இருக்கிறதென்று அதற்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. பெட்டியைப் பூட்டும்போது அதன் விலாசப் புஸ்தகம் வெறும் காகிதம். ஒரு யந்திரம் 3ம் வாயிலிருந்து பேசினால், "இந்த விலாசம் 3ம் வாயில் இருக்கிறது, நான் நேரில் கண்டேன்" என்று எழுதிக்கொள்ளுகிறது. தெரியாத விலாசத்துக்குச் சேதி வந்தால், தெரிந்ததுபோல் பாவனை செய்யாமல் மற்ற வாய்களிலெல்லாம் கேட்டுப் பார்க்கிறது. பதில் வந்த வாயைக் குறித்துக்கொள்ளுகிறது. அவ்வளவும் பிரத்தியட்ச அனுபவம்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. எழுதிக்கொண்டதை என்றென்றைக்கும் சாசுவதம் என்று அது வைத்துக்கொள்வதில்லை. சாதாரணமாக 300 விநாடி, அதாவது 5 நிமிஷந்தான் அதற்கு ஆயுள். அதற்குள் அந்த யந்திரம் மறுபடி பேசினால் நம்பிக்கை புதுப்பிக்கப்படும். பேசாவிட்டால் அழித்துவிடும். வேறு வாயிலிருந்து பேசினால் அந்த நிமிஷமே பழையதை அடித்துப் புதியதை எழுதும். நம்மிலோ, யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்த பொய்யை 2000 வருஷமாகியும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். அந்தச் சில்லுக்கு இருக்கிற புத்தி நமக்கு வேண்டாமா என்று கேட்கிறோம்.

அன்றியும், ஒவ்வொரு சேதியின் கடைசியிலும் ஒரு கணக்கு எழுதியிருக்கும். சில்லு தானும் கணக்குப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வழியில் சேதி கெட்டுவிட்டதென்று அதைத் தூர எறிந்துவிடும். அனுப்பியவன் யார், ஆசாரியனா அரசனா என்று பார்ப்பதில்லை.

சரி, இவ்வளவு கெட்டிக்காரச் சில்லு ஏன் வெறிபிடித்து ஆடியது? அதற்கும் காரணம் இருக்கிறது. "எல்லோருக்கும்" என்று விலாசமிட்ட சேதிகள் சில உண்டு. தண்டோராப் போடுவதுபோல. அதை வந்த வாய் தவிர மற்ற எல்லா வாயிலும் சில்லு அனுப்பும். ஒரு வயரின் இரண்டு நுனியையும் ஒரே பெட்டியின் இரண்டு வாயில் செருகிவிட்டால் என்னவாகும்? 11ம் வாயில் வெளியே போன தண்டோரா 17ம் வாயில் உள்ளே வரும். சில்லு அதைப் புதிய தண்டோரா என்று நினைத்து மறுபடி எல்லா வாயிலும் அனுப்பும். அது மறுபடி சுற்றி வரும். இத்தனை தடவைக்குமேல் சுற்றினால் செத்துப்போ என்ற கட்டளை ஈதர்நெட் சேதியில் கிடையாது. ஆகவே செகண்டுக்கு லட்சக்கணக்காய்ச் சுற்றிக்கொண்டேயிருக்கும். உண்மையான சேதி போக இடமிராது. இதற்குத் தண்டோராப் புயல் என்று சொல்லலாம். கரண்டை நிறுத்திப் போட்டால், முதல் தண்டோரா வருகிறவரை அரை நிமிஷம் சுகமாக ஓடும். வந்ததும் மறுபடி புயல். சாந்தியின் மகிமை அவ்வளவுதான்.

இந்த ஆபத்துக்கு மருந்து 1985லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. பெட்டிகள் 2 விநாடிக்கொருமுறை ஒன்றுக்கொன்று சிறு குறிப்பு அனுப்பிக்கொள்ளும். தான் அனுப்பிய குறிப்பு தனக்கே வேறு வாயில் திரும்பி வந்தால், "இங்கே வளையம் இருக்கிறது" என்று தெரிந்து, அந்த வாயைத் தானே அடைத்துவிடும். பல பெட்டிகள் சேர்ந்திருந்தாலும் வளையங்களை அறுத்து மரத்தின் கிளைகளைப்போல் பாதையை அமைத்துக்கொள்ளும். ஒரு கிளை முறிந்தால் அடைத்து வைத்த வாயைத் திறந்துகொள்ளும். இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. உலகமெங்கும் ஆபீஸ்களிலும் தொழிற்சாலைகளிலும் இந்த யோசனை வேலை செய்துகொண்டிருக்கிறது.

தாய்மார்களே! இதை நீங்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். முதல் சுவிட்ச் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி வந்தது. அதைப் புயலிலிருந்து காப்பாற்றுகிற மூளை ஒரு பெண்ணின் மூளை. அப்பேர்ப்பட்ட பெட்டியை நம் ஊரில் ஒரு பெண் துணியால் துடைத்தால் தோஷமாம்! இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

மறுபடி தொழிற்சாலைக்கு வருவோம். அங்கே இருந்தது மலிவான பெட்டியல்ல. நிர்வாக வசதியுள்ள பெட்டி. மலிவான பெட்டி வெறுமனே பிரித்து அனுப்பும். ஒன்றும் கேட்க முடியாது, ஒன்றும் சொல்லாது. நிர்வாக வசதியுள்ளதில், பிரித்து அனுப்புகிற சில்லுக்குத் துணையாக ஒரு சிறு கம்ப்யூட்டரும் இருக்கும். கணக்கு யந்திரங்களை ஒரு கூட்டமாகவும், காமிராக்களை ஒரு கூட்டமாகவும் பிரித்து வைக்கலாம். 4094 கூட்டம்வரை பிரிக்க நம்பர் உண்டு. இந்தப் பிரிவினை நம் ஊர் அக்கிரகாரம், சேரிப் பிரிவினை போன்றதல்ல. வேலைக்காகவும் பத்திரத்துக்காகவும் செய்வது. இன்று ஒரு கூட்டத்திலிருக்கும் யந்திரத்தை நாளைக்கு வேறு கூட்டத்தில் போடலாம். எந்த யந்திரமும் பிறப்பினால் ஒரு கூட்டத்தில் அகப்பட்டுச் சாவதில்லை. இவற்றோடு, எந்த வாய் எத்தனை மணிக்கு உயிர் பெற்றது, எத்தனை சேதி கெட்டது என்று கணக்கும் எழுதி வைத்திருக்கும்.

நம்மை அந்த இடத்துக்கு அழைத்துப்போனவர் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவர், ஐ.டி.ஐ.யில் படித்து மெக்கானிக்காய் இருப்பவர். முதலாளியிடம் அவர், "முதலாளி, சாந்தி ரெண்டு தடவை செஞ்சு பாத்தாச்சு. பெட்டியையே ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?" என்றார். லாரிக்காரர் தொந்தரவு பொறுக்காமல் முதலாளி, "எதையாவது செய்யப்பா" என்றார்.

கம்ப்யூட்டரை நேரே பெட்டியோடு மாட்டிக் கணக்கைத் திறந்தார். அதைப் பூட்டியவர், கரண்ட் போனாலும் அழியாத இடத்தில் கணக்கை எழுதும்படி ஏற்பாடு செய்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. என்ன எழுதியிருந்தது? பூஜையன்று சாயந்திரம் 6 மணி 40 நிமிஷத்துக்கு 11ம் வாயும் 17ம் வாயும் ஒரே சமயத்தில் உயிர் பெற்றன. அதற்கடுத்த வரியிலிருந்து, ஒரே யந்திரத்தின் விலாசம் ஒரு கணம் 3ம் வாயில், அடுத்த கணம் 11ல், அடுத்த கணம் 17ல் என்று மாறி மாறித் தோன்றியதாய் வரிவரியாக எழுதியிருந்தது. பெட்டியின் பின்புறம் போய்ப் பார்த்தால், 11ம் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு நீல வயர் சந்தனப் பொட்டோடு 17ம் வாயில் போய் முடிந்திருந்தது. பிடுங்கினார். விளக்குகள் அடங்கின. சீட்டு அச்சாயிற்று. லாரி போயிற்று. ஆன நேரம் கால் மணி.

அந்த அம்மாள் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று வாசல் காவற்காரர் புஸ்தகத்தைப் பார்த்தோம். 5 மணி. அப்படியானால் 6 மணி 40க்குச் செருகியது யார்? விசாரித்ததில், பூஜையைப் படம் எடுக்கும்போது அழகாயிருக்கவேண்டுமென்று, தொங்கிக்கொண்டிருந்த வயர் நுனியை ஆபீஸ் குமாஸ்தாவே காலியாயிருந்த வாயில் செருகினாராம். அவர்மேலும் நமக்குக் கோபமில்லை; தெரியாமல் செய்தார். பெர்ல்மன் அம்மையாரின் காவல் ஏன் வேலை செய்யவில்லையென்றால், அந்தக் காவல் பழைய முறையில் இருந்தால் வயர் செருகியதும் ஒரு வாயைத் திறக்க 30 விநாடி யோசிக்கும். அது தாமதமென்று யாரோ முன்னமே அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். 30 விநாடி பொறுக்க முடியாமல் 3 நாளைத் தொலைத்தார்கள்!

தோழர்களே! யந்திரங்களைத் துடைப்பது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தூசி அடைத்தால் பெட்டிக்குள் காற்றுப் போகாது, சூடேறும், சில்லு கெடும். ஆகவே துடைக்கவேண்டியதுதான். அதற்கு நவமி வரவேண்டியதில்லை. மாதா மாதம் துடைக்கலாம். ஆனால் காற்றுப் போகிற துவாரத்தில் விபூதியையும் குங்குமத்தையும் அப்பினால் அந்தத் தூசியைக் காசு கொடுத்து வாங்கி அடைத்ததாகத்தான் ஆகும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சாமான், நமக்குச் சில்லு செய்யத் தெரியுமா?" என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். ஏன் தெரியாது? இதோ கிண்டியிலிருக்கும் ஐ.ஐ.டி.யில் "சக்தி" என்ற பெயரில் கம்ப்யூட்டர் மூளைச் சில்லை வகுத்தார்கள். 2018ல் அது பஞ்சாபில் மொகாலியிலுள்ள அரசாங்கச் சில்லுத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு ஓடியது. பெயர் சக்தியானாலும் அது ஓடுவது கணக்கினால்தான். சுவிட்ச் சில்லும் நம் பிள்ளைகள் வகுக்கக்கூடியதே. ஆனால் பெட்டி நின்றால் கணக்கைப் பார்க்காமல் பஞ்சாங்கத்தைப் பார்க்கிற புத்தியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. விலைக்கு வாங்கினாலும் ஆள முடியாது.

கடைசியாக ஒன்று. வயரைப் பிடுங்கிய மறுநாள் அந்த அம்மாளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சந்தோஷம். ஆனால் நிறுத்தி வைத்த 4 நாள் கூலி இன்னும் கொடுக்கவில்லை. கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார்களாம். புரோகிதருக்குக் கொடுத்த தட்சணையையோ ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பலிக்காத சாந்திக்குக் கூலி உண்டு. ஒழுங்காய்ப் பெருக்கித் துடைத்ததற்குக் கூலியில்லை! இதுதான் நம் நாட்டுத் தர்மக் கணக்கு. "பழி பெட்டிக்குப் போயிடுச்சு, பணம் எங்கிட்டே வரலையே ஐயா" என்று அந்த அம்மாள் நம்மிடம் கேட்டார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிற தோழர்கள் சிலர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். பெட்டி தனக்குத் தெரிந்த சாட்சியைச் சொல்லிவிட்டது. அதற்கு வாயில்லாதபோதும் சொல்லிற்று. வாயுள்ள நீங்கள் திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாளோடு கூடப் போய், அந்த 4 நாள் கூலியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். நாமும் வருகிறோம்.

மற்றபடி, நாம் சொன்னதையும் அந்தச் சில்லு செய்வதுபோலவே வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிஷம் வைத்திருங்கள். உங்கள் அனுபவத்துக்கு ஒத்துவந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள், ஒத்துவராவிட்டால் அழித்துவிடுங்கள்.